உச்சிக்கு ஒரு மில்லி

என் தம்பி வீட்டுக்கு வரும்போது குரல்தான் முதலில் வரும். வண்டியைத் தெருவிலேயே நிறுத்துவான். கேட்டுக்கு வெளியே நின்று, "நாந்தாம்மா" என்பான். கொஞ்சம் பொறுப்பான். "நாந்தாம்மா, உம் புள்ள" என்பான். உள்ளேயிருந்து அம்மா ஏதாவது பதில் சொன்னால்தான் செருப்பைக் கழட்டுவான். பதில் வரவில்லை என்றால் நான் கை காட்டுகிற வரைக்கும் அங்கேயே நிற்பான். மழையிலும் நின்றிருக்கிறான்.

எதிர் வீட்டுக்காரம்மா ஒரு நாள் கேட்டாள். "இன்னாம்மா உன் தம்பி, சொந்த வூட்டுக்கு வர்றதுக்கு பர்மிஷன் கேட்டுகினு நிக்கிறான்?" நான் பேச்சை மாற்றினேன். அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் அவன் தலை.

எங்கள் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கு நெற்றியிலும் உச்சியிலும் முடி இல்லை. காதுக்கு மேலே சுற்றி வளையம் மாதிரி கொஞ்சம் இருக்கும். அடிக்கிறதுக்கு முன்னால் அவருக்கு ஒரு பழக்கம். உள்ளங்கையால் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு தடவை தடவிக்கொள்வார். அது முடிந்ததும் அடி விழும். அம்மாவின் இடது காதில் விழும். அவர் கை தலைக்குப் போகும்போதே அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அவளைப் பார்த்து நானும் பொத்தப் பழகினேன். அம்மாவுக்கு அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. தம்பி ஒன்பதாவது படிக்கும்போது நைனா செத்தார். வீட்டில் யாரும் பெரிசாக அழவில்லை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். என்னைக் கட்டிக் கொடுத்த இடம் ஒத்து வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். கடற்கரை ஓரம் ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கிற இடத்தில் வேலை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். படூர், கேளம்பாக்கம் பக்கம் அப்பார்ட்மெண்டுகளில் லிஃப்ட் நின்று போனால் இவனைக் கூப்பிடுவார்கள். அம்மா, நான், அவன். மூன்று பேர்தான்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தான். சாப்பாடு போட்டேன், தொடவில்லை.

"யக்கா, நைனாவைப் பாத்தேன்."

"எங்க?"

"படூர்ல. லிஃப்ட்டுக்குள்ள."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். நடந்தது இது. ஒரு லிஃப்ட்டில் கதவு சிக்கிக்கொண்டே இருந்தது. எப்போதெல்லாம் சிக்குகிறது என்று பார்க்க வாட்ச்மேன் கேமராவில் பதிந்ததை ஓட்டிக் காட்டினார். மேலேயிருந்து எடுத்த படம். ஒரு ஆள் குனிந்து கதவை நோண்டிக்கொண்டிருந்தார். உச்சி வெறுமையாக இருந்தது. இவன் திரைக்குப் பக்கத்தில் போய், "யாருண்ணா அது?" என்று கேட்டிருக்கிறான். வாட்ச்மேன் சிரித்தாராம். "நல்லா கேட்ட போ. நீதான்யா அது. போன வாரம் வந்தியே."

அப்போது அவனுக்கு இருபத்தேழு வயசு. அம்மாவுக்கு மறதி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உப்பு போட்டதை மறப்பாள். அப்புறம் நாளை மறந்தாள். நைனா செத்ததை மறந்தாள்.

அது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வந்தான். ஈரத்தில் முடி ஒட்டிக்கொண்டு மண்டை தெரிந்தது. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முறம் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"அடிக்காதய்யா. கொழம்பு வெச்சுட்டேன். அடிக்காதய்யா."

தம்பி அப்படியே நின்றான். அப்புறம் பின்னாலேயே நடந்து வெளியே போனான். முதுகைக்கூடக் காட்டவில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தான். "நாந்தாம்மா." அம்மா குரலைக் கேட்டு மெதுவாகக் கையை எடுத்தாள். "எப்படா வந்த? உங்க நைனா வந்துகீது. உள்ள வராத" என்றாள்.

அன்றிலிருந்துதான் அந்த நாந்தாம்மா.

அன்றிலிருந்து அவன் தன் தலையைத் தொடவும் மாட்டான். சீப்பு படும், கை படாது. வேர்த்தால்கூடத் துண்டால் ஒற்றி எடுப்பான். நெற்றியிலிருந்து பின்னால் கையை இழுக்க மாட்டான். எதிலும் அவசரப்படாத பையன். தலை விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டான். போனில் பார்த்தான், யார் யாரிடமோ கேட்டான். ஒரே வாரத்தில் வெங்காயச் சாறு, விளம்பரத்தில் வருகிற எண்ணெய், முடிக்கென்று ஒரு மிட்டாய், தலையில் உருட்டுகிற ஊசி வைத்த உருளை, பேர் தெரியாத ஒரு லோஷன், எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தான். வெங்காய நாத்தத்தில் அம்மாவே, "இன்னாடா, தலையில சாம்பார் வெக்கிறியா?" என்று கேட்டாள். பத்தாவது நாள் மண்டை சிவந்து தோல் உரிந்தது.

செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இத்தனையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சியா?"

"ஆமா டாக்டர். அவசரம்."

"கல்யாணமா?"

"இல்ல டாக்டர்."

"பின்ன என்னப்பா அவசரம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததும் அவனே சொன்னான். "எங்கம்மா பயப்படுறாங்க."

மீதியையும் சொன்னான். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் பேசினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எல்லாத்தையும் தூக்கிப் போடு. புண்ணு ஆறட்டும். அப்புறம் ஒண்ணு மட்டும் ஆரம்பிக்கலாம். மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு. எல்லாம் ஒண்ணாக் கொட்டினா எது கேக்குது, எது கடிக்குதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நெத்தி ஓரம் போனது வர்றது கஷ்டம். உச்சியில ஓரளவு கொண்டு வரலாம். ஆனா ஒண்ணு. நிறுத்தினா வந்தது எல்லாம் சில மாசத்துல போயிடும். ஆயுசுக்கும் போடணும். முடியுமா?"

"அம்மா இருக்கற வரைக்கும் போதும் டாக்டர்."

முதலில் லோஷன். காலையில் ஒரு மில்லி, சாயங்காலம் ஒரு மில்லி. காய்ந்த தலையில் விட வேண்டும். உச்சி அவனுக்குத் தெரியாது. கையும் வைக்க மாட்டான். அதனால் நான்தான். சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிவான். நான் அளவுக் கோடு போட்ட குழாயில் மருந்தை உறிஞ்சி, பாத்தி பாத்தியாக முடியைப் பிரித்து விட்டு, விரல் நுனியால் பரப்புவேன். கையை உடனே கழுவச் சொல்லியிருந்தார்கள். மறந்தால் அவனே கத்துவான். "யக்கா, கைய கழுவு. அப்புறம் உனுக்கு மீசை வளந்துடும். ரிசார்ட்ல செக்யூரிட்டி வேலைக்கு மாத்திடுவானுங்கோ."

ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி கேட்பான். "எப்டிகீது?"

நான் பொய் சொல்லத் தெரியாதவள். "அப்டியேதான்கீது" என்பேன்.

முதல் இரண்டு மாசம் இன்னும் கொட்டும், பயந்து நிறுத்தாதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கொட்டியது. தலையணை உறை முழுக்க முடி. அந்த இரண்டு மாசம்தான் ரொம்ப மோசம். அம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒடுங்கினாள். ஒரு தடவை தட்டை வீசினாள், நெற்றியில் பட்டது. அவன் வெளியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டான். தொப்பி போட்டுப் பார்த்தான். நைனா தொப்பி போட்டதில்லை. அம்மா பயப்படவில்லை. என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, "கரண்டு ஆபீஸ்காரரு வந்துகீறாரு. சேர் போடு" என்றாள். அவனைப் பார்த்து, "சார், டீ சாப்புடுறீங்களா?" என்றாள்.

அவன் டீ வாங்கிக் குடித்தான். "நல்லாகீதும்மா" என்றான். அப்புறம் என்னிடம் சொன்னான். "சாருன்னா பரவால்லக்கா. பயப்படல இல்ல?" ஆனால் சாரை அவள் பக்கத்தில் விடவில்லை. சாரிடம் சோறு ஊட்டிக்கொள்ள மாட்டாள். சார் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போக மாட்டாள். அவனுக்குக் கூப்பிட்டால்தான் வேலை. நான் வேலைக்குப் போனால் பகலில் அவன்தான் பார்க்க வேண்டும். தொப்பியைக் கழற்றி வைத்தான்.

முடி நடுகிற ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மெட்ராஸ் போய்க் கேட்டு வந்தான். போகும்போது சந்தோஷமாகப் போனான். திரும்பி வந்து துணி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா சொன்னாங்கோ?"

"நடலாமாம். ஆனா நடறதுக்கு முன்னாடி முழுசா மழிக்கணுமாம். வளர்ற வரைக்கும் சில மாசம் அப்டியேதான் இருக்கணுமாம்."

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மூன்று மாசம் கழித்து மாத்திரை. தினம் ஒன்று. லோஷன் முடியை வளர்க்கும், மாத்திரை கொட்டாமல் பிடிக்கும், இரண்டும் சேர்ந்தால் நன்றாக நிற்கும் என்றார் டாக்டரம்மா. கொஞ்ச பேருக்கு மனசு சோர்ந்து போகும், வேற சங்கடமும் வரலாம், வந்தால் மறைக்காமல் சொல்லு என்றும் சொன்னார். ஏழாவது மாசம் உச்சியில் பூனை முடி மாதிரி தெரிந்தது. நான் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எப்டிகீது?"

"வந்துகீது."

திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "நெசமா?"

"நான் எப்ப பொய் சொன்னேன்?"

போனில் உச்சியைப் படம் எடுக்கச் சொன்னான். பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தான். அன்றைக்கு மாமல்லபுரம் போய் எங்கள் இரண்டு பேருக்கும் பஜ்ஜி வாங்கிவந்தான்.

முடி வந்தது. அவன் போய்விட்டான். அப்படித்தான் இருந்தது. சிரிக்க மாட்டான், தூங்க மாட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கேட்டால், "ஒண்ணும் இல்ல, பேஜாரா கீது" என்பான். மாத்திரையாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

"இருக்கும். இருந்தா இருந்துட்டு போவட்டும். முடி நிக்குது இல்ல?"

அவனுக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கூப்பிட்டுத் திட்டி மாத்திரையை நிறுத்தினார். மனசு தெளியக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார். தெளிந்தது. அப்புறம் அந்த மருந்தையே லோஷனில் கலந்து தலைக்கு மட்டும் கொடுத்தார். உடம்பில் கொஞ்சமாகத்தான் சேரும், ஆனாலும் மனசு சோர்ந்தால் உடனே வா என்றார். அந்த மருந்து பெண்கள் உடம்பில் சேரக் கூடாது என்பதால் எனக்குக் கையுறை. ரிசார்ட்டில் துணிக்குப் போடுகிற கையுறை வேண்டாம், மெல்லிசு வாங்கு என்றார்.

அதுதான் ஒத்துக்கொண்டது. நெற்றி ஓரம் வரவில்லை. உச்சி மூடியது. முன்முடியைக் கொஞ்சம் இறக்கி வாரினால் அவன் அவனாக இருந்தான். அம்மா அவன் கையில் சாப்பிட்டாள். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவன் வலது பக்கம் உட்கார்ந்து, கேட்கிற காதில் கதை பேசி ஊட்டுவான். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட மாமியார் மருமகள் கதை. ஒரே கதையைத் தினமும் சொல்வான், அவள் தினமும் புதிசாகச் சிரிப்பாள். ஒரு நாள் ஊட்டி முடித்ததும் அவன் முடியைப் பிடித்துப் பார்த்து, "எண்ண வெச்சிக்கடா, காஞ்சி கெடக்குது" என்றாள். அவன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. காலையும் சாயங்காலமும் மருந்தை ஒரு நாள்கூட விடவில்லை. காய்ச்சலில் படுத்தபோதும் தலையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினான்.

பொங்கல் கழித்து அம்மா செத்தாள். தூக்கத்தில் போனாள். விடிந்து நான்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கம் கொள்ளி வைக்கிற பிள்ளைக்கு, பாடை தூக்குவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே தலையை மழிப்பார்கள். மழித்துக் குளித்து வந்துதான் வாய்க்கரிசி போட வேண்டும். மாமா, அம்மாவின் அண்ணன், மதுராந்தகத்திலிருந்து வந்திருந்தார். மழிக்கிறவர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். தம்பி நகரவில்லை.

"டேய், நேரம் ஆவுது. வந்து குந்து."

"சுடுகாட்டுல வெச்சிக்கலாம் மாமா."

"இன்னாடா புதுசா? மொட்டை போடாம வாய்க்கரிசி போடுவியா?"

"போடுவேன்."

"முடி மேல அவ்ளோ ஆசையா? பெத்தவள வுட மயிரு பெருசாப் பூடுச்சா உனுக்கு? மருந்து தடவி வளத்தானாம், ஊரே பேசுது."

எல்லோரும் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு உண்மை வாய் வரை வந்தது. தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. மாமா பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னான். "முழுசா மழிச்சுக்கறேன் மாமா. அம்மா மூஞ்சிய மூடட்டும். அப்புறம்."

மாமா அவன் முன்முடியைப் பார்த்தார். நைனா அடித்துத் துரத்திய ஒரு நாள் தங்கச்சியைக் கூட்டிப்போக வந்தவர் அவர். புரிந்ததோ என்னவோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, தூக்குங்கடா" என்றார்.

தம்பி முன்முடியை இறக்கி வாரிக்கொண்டு வாய்க்கரிசி போட்டான். குனிந்து வலது காதில், "நாந்தாம்மா" என்றான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் வீட்டைக் கழுவி விட்டு, வாசலுக்கு நேரே விளக்கு ஏற்றி வைத்தேன். போனவர்கள் ஏரியில் முழுகி வந்து விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கலைவார்கள். ஆள் வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன்.

அவன்தான் முன்னால் நின்றான். ஈர வேட்டி. முழு மொட்டை. அன்றைக்கு அவன் குரல் கொடுக்கவில்லை. யாருக்குக் கொடுப்பான்? தலையிலிருந்து தண்ணீர் கண்ணில் இறங்கியது. மழித்த தலை, கை தானாகப் போகும். யாராக இருந்தாலும் போகும். உள்ளங்கையால் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு தடவை தடவித் தண்ணீரை வழித்தான்.

என் கை காதுக்குப் போய்விட்டது. இரண்டு எட்டு பின்னால் போனேன். சுவர் முதுகில் பட்டதும்தான் எனக்கே தெரிந்தது.

அவன் கை பிடரியிலேயே நின்றுவிட்டது. மெதுவாக எடுத்தான். தோளில் இருந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான்.

"நாந்தான்க்கா" என்றான்.

நான் கையை எடுத்துவிட்டேன். உடனே எடுத்துவிட்டேன்.

காரியம் முடிகிற வரைக்கும் அந்தத் துண்டு அவன் தலையை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளும் போட்டிருந்தான். பதினாறாம் நாள் கழித்து முக்காலியை எடுத்துப் போட்டேன். பாட்டிலில் பாதி இருந்தது. கையுறையும் இருந்தது.

"குந்து. வளர்ற வரைக்கும் விடாம தடவணும்."

"இனிமே யாருக்குக்கா?"

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வார்த்தை வேகமாக வராது. வருவதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். அடுத்த மாசம் பெங்களூரில் வேலை என்று கிளம்பினான். போன் பண்ணுவான். "நாந்தான்க்கா" என்றுதான் ஆரம்பிப்பான். என் போனில் பேர் வரும், அவனுக்கும் அது தெரியும். முகம் காட்டச் சொன்னால், "நெட்டு சரியில்ல" என்பான்.

வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா திதிக்கு வருவான். கேட்டுக்கு வெளியே துண்டு போட்டுக்கொண்டு நின்று குரல் கொடுப்பான். நான் வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே வருவான். வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கையைத்தான் பார்ப்பான்.

போன திதிக்கு முன்னாலேயே யோசித்து வைத்தேன். சொம்பு நிறைய தண்ணீர் எடுத்து இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கேட்டுக்குப் போனேன். கை எங்கேயும் போக முடியாது.

"துண்டை எடுடா. வெயிலு கொளுத்துது" என்றேன்.

சொம்பைப் பிடித்த என் கையைப் பார்த்தான். எடுத்தான். மருந்தெல்லாம் விட்டு நாளாகிவிட்டது. டாக்டரம்மா சொன்ன மாதிரி வந்தது எல்லாம் போயிருந்தது. காதுக்கு மேலே வளையம் மட்டும் இருந்தது. வெயிலில் வேர்வை நெற்றியில் இறங்கியது. அவன் கையைத் தூக்கவில்லை. வேர்வை கண்ணுக்குள் போனது, அப்போதும் தூக்கவில்லை.

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். என் தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சிரித்தேன். காலும் நகரவில்லை. கையும் நகரவில்லை.

சொம்பில் தண்ணீர் தளும்பி என் காலில் கொட்டியது.

அவன் அதைப் பார்த்தான். துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.